உவர்க் கிணற்று மட்டி

இரத்தினேஸ்வரிக்கு நீச்சல் தெரியாது. கட்டைபறிச்சானுக்கு அப்பால், கடல்நீர் ஏறி இறங்கும் களப்பின் ஓரக் குடியிருப்பொன்றில் பிறந்து வளர்ந்து, வருடத்தில் பாதியை இடுப்பளவு தண்ணீரில் கழிக்கிற ஒருத்திக்கு நீச்சல் தெரியாது என்றால் வெளியார் நம்பமாட்டார்கள்.

"தெரிஞ்சா ஆழத்துக்குப் போக ஆசை வரும், மிஸ்ஸி. மட்டி ஆழத்தில இல்லை" என்பாள்.

அவளோடு வாதாடிப் பயனில்லை.

என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நான் தாதி அல்ல. பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, புண்ணுக்கு மருந்து கட்ட வீடு வீடாகப் போகிறேன். அவள் வீட்டுக்குப் போவது அவளுடைய கணவர் யோகராசாவுக்காக. அவர் மேசன். கந்தளாயில் ஒரு மாடி வீடு கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் கூட.

நான் சொல்லப்போவது, குழாய்த் தண்ணீர் வந்த அந்தக் கோடையில் நடந்தது. அப்போது இரத்தினேஸ்வரிக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று மட்டி, மற்றது குவைத்தில் இரண்டு வருட வீட்டு வேலை. கந்தளாயிலிருந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் அவளுடைய பாஸ்போட்டை வாங்கி வைத்திருந்தார். மெடிக்கலும் முடிந்துவிட்டது. அவள் 'ஓம்' என்று சொன்னால் டிக்கெட் போடுவார்கள். கோடை முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

அவள் போனால் யோகராசாவைப் பார்க்க ஆளில்லை. ஒரே மகள் கிளிவெட்டியில் கைக்குழந்தைகளோடும் படுத்த மாமியாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். யோகராசாவின் இடுப்பில் உள்ளங்கை அகலப் புண் ஒன்று அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. படுக்கைப்புண் மருந்தால் மட்டும் ஆறாது, ஆளால்தான் ஆறும். இரவும் பகலும் நேரம் தவறாமல் புரட்ட வேண்டும், ஈரம் படாமல் வைக்க வேண்டும். அயலவர் வந்து ஒரு வாரம் செய்வார்கள், ஒரு மாதம்கூடச் செய்வார்கள். இரண்டு வருடம் யார் செய்வது? புண் திரும்ப விரிந்தால் எலும்பைத் தொடும், அதன்பிறகு ஆள் தப்புவது அரிது. இதை நான் அவளுக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். இப்படியான விஷயத்தில் மென்மையாகப் பேசுவது ஆளை ஏமாற்றுகிற வேலை.

"அப்ப மட்டிதான்" என்றாள் அவள்.

மட்டி எடுப்பது அங்குள்ள பெண்களின் வேலை. ஆண்கள் வலையோடு குடாவுக்குள் போவார்கள், பெண்கள் களப்புக்குள் இறங்குவார்கள். காலால் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படுவதைக் குனிந்து எடுத்து இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் போட வேண்டும். மாரியில் வெள்ளம் வந்து களப்பு நன்னீராகிவிட்டால் மட்டி கிடையாது. கோடைதான் காலம். முன்பெல்லாம் அவித்து, சதையைக் கழற்றி, கோப்பைக் கணக்கில் விற்பார்கள். அதில் பிழைக்க ஏலாது. விறகுக்கும் உழைப்புக்கும் சரி.

மூதூர் மீன் வியாபாரி அஷ்ரப் வந்துதான் அதை மாற்றினார். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று மட்டியை ஓட்டோடு, உயிரோடு கேட்டது. விலை நல்ல விலை. நிபந்தனை ஒன்றுதான்.

"மண் இருக்கப் படாது, தங்கச்சி. வெள்ளைக்காரன் ஒரு கடி கடிச்சி மண்ணு பட்டிச்செண்டா தட்டத் தள்ளி வெச்சிருவான். அதோட எண்ட யாவாரமும் சரி, ஒங்கட யாவாரமும் சரி."

"எங்கட மட்டியில மண் இல்லை, அஷ்ரப் நானா. ஊரைக் கேட்டுப் பாருங்கோ."

அது உண்மை. எடுத்துவந்த மட்டியைப் பெரிய பேசின்களில் கிணற்றுத் தண்ணீர் விட்டு மறுநாள் காலைவரை வைப்பது அங்கு வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. களப்புத் தண்ணீர் கலங்கல், கிணறு தெளிவு, அவ்வளவுதான். விடிய அள்ளிப் பார்த்தால் பேசினின் அடியில் ஒரு படை மண் கிடக்கும். மட்டி சுத்தமாக இருக்கும். அப்படி இரண்டு மாதம் அஷ்ரப்பின் லொறி வாரம் தவறாமல் வந்து போனது. இரத்தினேஸ்வரி ஏஜென்சிக்காரரின் அழைப்புகளுக்கு "பிறகு சொல்லுறன்" என்று சொல்லத் தொடங்கினாள்.

எல்லா வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணறு தெளிவுதான், ஆனால் குடிக்க முடியாது. சுனாமி வந்து போனதிலிருந்து உவர். தேநீர் போட்டால் திரையும். உடுப்புத் தோய்த்தால் நுரை வராது. குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் வண்டி. அது வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது. யோகராசாவின் புண்ணை அந்த உவர்த் தண்ணீரில் கழுவ நான் விடமாட்டேன். எனவே அவருடைய பங்குக்கும் சேர்த்து அவள் பவுசர்த் தண்ணீர் சுமந்தாள்.

ஆகவே குழாய் வருகிறது என்றதும் மற்ற எல்லாவற்றையும் விட்டு அவள் அதன் பின்னால் நின்றதில் வியப்பில்லை. குழாய் தார் வீதியால் வந்து, வாய்க்காலடியில் நின்றுவிட்டது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கொஞ்ச வீடுகள் திட்டத்தில் இல்லையாம். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி போய் மேற்பார்வையாளனைப் பிடித்தாள். நானும் அந்த நேரம் அந்த வழியால் வந்ததில் கேட்டது இது:

"அக்கா, பிளானில வாய்க்கால் வரைக்கும்தான் இருக்கு."

"பிளான் கீறின ஐயா வாய்க்காலுக்கு இஞ்சால ஆக்கள் இருக்கினம் எண்டு பார்க்கேல்லையோ?"

"அதை நீங்கள் ஒஃபீசில கேக்கோணும்."

"கேட்டாச்சு. குழாய் மிச்சம் கிடக்காம், அதை மண்ணுக்குள்ள போடக் கான் வெட்டத்தான் ஆளில்லையாம். நாங்கள் வெட்டினால் போடுவியளோ?"

அவன் சிரித்தான். "வெட்டுங்கோ பாப்பம்."

வெட்டினார்கள். இரத்தினேஸ்வரி, அவளோடு மட்டி எடுக்கிற சுலோஜனா, மற்ற வீட்டுப் பெண்கள். மட்டிக்கு இறங்கி வந்து, உடுப்பு மாற்றாமல் அப்படியே வெட்டினார்கள். சுலோஜனாவுக்கு எப்போதும் கதைதான் முதல், வேலை பிறகு.

"ஏனடி இரத்தினேசு, என்ரை கலியாணத்துக்குப் பந்தல் போடக்கூட இவ்வளவு பேர் வரேல்லை."

"அந்தாளைக் கட்டுறது தெரிஞ்சிருந்தா அந்தப் பந்தலுக்கே கிடங்கு வெட்டி மூடியிருப்பம். வெட்டு."

மேற்பார்வையாளன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். குழாய் வந்தது. முதல் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு வந்து யோகராசாவின் தலையில் ஊற்றினாள். அவர் கத்திய கத்தலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நாய்கள் குரைத்தன. நான் புண்ணைச் சுற்றிக் கழுவித் துடைத்தேன். நல்ல தண்ணீர். என் வேலை பாதியாகக் குறைந்தது.

குழாய் வந்ததும் கிணறு வேண்டாத பொருளாயிற்று. சுற்றுமதில் இடிந்த கிணறு. தண்ணீரில் நுளம்புப் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டு இராசையாவின் பேத்தி ஒருநாள் விளிம்பில் வழுக்கி விழப்போனாள், யாரோ சட்டையில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இராசையா ஊரைக் கூட்டிவிட்டார். கிணற்றை மூடுவது என்று முடிவு. உள்ளூர்ச் சபைக்குப் போய், இடிந்த கட்டடக் கல்லும் மண்ணும் ஒரு ட்ரக்டர் கேட்டு வந்தவளும் இரத்தினேஸ்வரிதான். முன்னால் நிற்க ஆள் தேவை என்றால் ஊர் அவளைத்தான் பார்க்கும்.

மட்டியை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? குழாய்த் தண்ணீரில் போட்டாள். எவளும் அப்படித்தான் செய்வாள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் நல்லதென்று தோண்டிக் கொண்டுவந்த தண்ணீர், மட்டிக்கு மட்டும் ஆகாதென்று யார் நினைப்பார்கள்? விடிய எழுந்து பார்த்தால் ஒவ்வொரு மட்டியும் வாயை இறுக மூடி, கூழாங்கல் போலக் கிடந்தது. வாய் மூடிய மட்டி நல்ல மட்டி என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்தது தானே வாய் திறக்கும். பேசினின் அடியிலும் மண் இல்லை.

"பார் மிஸ்ஸி, நல்ல தண்ணியில கழுவினதும் அடியில மண்ணே இல்லை. எவ்வளவு சுத்தம்!" என்று எனக்குக் காட்டினாள். நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

அந்த மட்டியை ஏற்றிக்கொண்டு போன இரண்டாம் நாள் அஷ்ரப் வந்தார். லொறியிலிருந்து இறங்கும்போதே கதவை அடித்துச் சாத்தினார்.

"என்ன தங்கச்சி செஞ்சி வெச்சிருக்கிறீங்க? மட்டி குடுத்தீங்களா, மணல் லோட் குடுத்தீங்களா? ஹோட்டல் குக்கு என்னக் கூப்பிட்டு, எண்ட வாயிலயே ஒண்டப் போட்டு மெல்லுடா எண்டுறான். பல்லுல ஒரு துண்டு போயிட்டு!"

"எங்க போச்சு, காட்டுங்கோ?"

"இதெல்லாமா காட்டுற சாமான்?"

அவளுக்கு விளங்கவில்லை. எடுத்த இடம் பிழை என்று நினைத்தாள். கண்டல் மரங்களுக்குக் கிட்ட சேறு அதிகம், அதனால்தான் என்று முடிவு செய்து, சுலோஜனாவையும் இழுத்துக்கொண்டு களப்பின் அடுத்த கரைக்குப் போனாள். தூரம் அதிகம், ஓடு கிழித்துக் காலெல்லாம் காயம். அந்த மட்டியிலும் மண். ஊற வைத்தது போதாது என்று நினைத்து அடுத்த தடவை இன்னுமொரு நாள் கூட வைத்தாள், தண்ணீரைப் புதிது புதிதாக மாற்றிக்கொண்டு. அதுதான் பெரிய பிழை. அந்தச் சாக்கு நிலாவெளி போய்ச் சேருமுன்பே நாறியது. அஷ்ரப் வீதியில் நின்றே போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒங்களோட எனக்குக் கோவமில்ல. ஆனா ஹோட்டல் வேணாமெண்டிட்டு. இனி அவங்கிட்ட கிண்ணியாக்காரர்ர மட்டிதான். என்னப் புடிச்சி ஏசினாலும் எனக்கு வேற வழியில்ல."

இரண்டு வாரம் அவள் மட்டியை அவித்து கோப்பைக் கணக்கில் விற்றாள். அவித்த சதையில் மண் கரகரத்தது. அதைத் திரும்பத் திரும்பக் கழுவி விற்க வேண்டியிருந்தது. ஏஜென்சிக்காரர் தினமும் அழைக்கத் தொடங்கினார்.

நான் யோகராசாவைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரே பேச்சை எடுத்தார். அவள் குசினி வாசலில் இருந்து கால் காயத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

"நீ போ" என்றார் யோகராசா. "நான் கிடப்பன்."

"கிடக்கிறது உங்களுக்கு நல்லா வரும். அதைத்தானே செய்து கொண்டிருக்கிறியள்."

"பகிடி விடாத. மிஸ்ஸியும் இருக்கிறா, சொல்லுறன். எனக்காக நீ இஞ்ச கிடந்து சாக வேணாம்."

"உங்களுக்காக ஆர் இருக்கிறது? அங்க போனா மூண்டு மாடி வீட்டைக் கூட்டித் துடைக்கோணும். இஞ்ச ஒரு குசினிதான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "வாற கிழமைதான் கடைசி எண்டு அவர் சொல்லுறார். மிஸ்ஸி, நீங்கள் சொல்லுங்கோ, மகளிட்டக் கொண்டுபோய் விட்டால் ஆள் எவ்வளவு காலம் தாங்கும்?"

"மாரி தாண்டாது" என்றேன். யோகராசா கேட்கத்தான் சொன்னேன். அவருடைய உடம்பு அவருக்குத் தெரிய வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம்தான் விஷயம் வெளிப்பட்டது, அதுவும் யோகராசாவின் பல்லால்.

சுலோஜனா மட்டிக் கறி கொண்டுவந்தாள். காலில் அவளுக்கும் ஒரு வெட்டு இருந்தது. நான் அதைக் கழுவிக் கட்டும்போது, இரத்தினேஸ்வரி சோற்றில் கறியைப் பிசைந்து யோகராசாவுக்கு ஊட்டினாள். அவர் மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"இது எங்க வாங்கின மட்டி?"

"வாங்கினதோ? முந்தநாள் உங்கட பெண்சாதியோட நிண்டு எடுத்தது" என்றாள் சுலோஜனா.

"மண் இல்லையே."

"இல்லைத்தான். ஏன், மண் போட்டுக் கொண்டாறதோ?"

இரத்தினேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். தானே ஒன்றை எடுத்து மென்று பார்த்தாள். பிறகு இன்னொன்று.

"ஒரே இடத்தில எடுத்தது. என்ரையில மண், உன்ரையில இல்லை. நீ என்ன செய்தனி?"

"என்ன செய்யிறது? பேசினில போட்டு வைச்சனான்."

"எந்தத் தண்ணியில?"

"கிணத்துத் தண்ணியில." சுலோஜனாவுக்குக் கொஞ்சம் வெட்கம். தன் சோம்பல் பிடிபட்டுவிட்டதென்று நினைத்தாள். "என்ரை வீடு கடைசி வீடு. குழாயில தண்ணி நூல் மாதிரித்தான் வருது. ஒரு வாளி நிரம்ப அரை நாள் நிக்கோணும். அதைப் பிடிச்சு மட்டிக்கு ஊத்துவனோ? கிட்டக் கிடக்கிற கிணத்தில அள்ளி ஊத்தினன். கறி நல்லாத்தானே இருக்கு?"

இரத்தினேஸ்வரி எழுந்தாள். முற்றத்துக்குப் போனாள். அன்று விடியப்புறம் எடுத்த மட்டி இன்னும் பையில் இருந்தது. இரண்டு பேசினை வெளியே வைத்து ஒன்றில் குழாய்த் தண்ணீரும் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் விட்டு, இரண்டிலும் கைப்பிடி கைப்பிடியாக மட்டியைப் போட்டாள். பிறகு அவற்றுக்கு நடுவில் குந்தியிருந்தாள். நான் கால் கட்டை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது கிணற்றுத் தண்ணீரில் கிடந்த மட்டிகள் ஓட்டைக் கொஞ்சம் விரித்து, வெள்ளை நாக்கை வெளியே நீட்டியிருந்தன. ஒவ்வொரு நாக்கும் தும்முவது போல ஒரு சிட்டிகை மண்ணைக் கக்கிற்று. குழாய்த் தண்ணீரில் கிடந்தவை அசையவே இல்லை. இறுக்கி மூடிக்கொண்டு, மண்ணை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, சாகும்வரை அப்படியே கிடக்கப்போகின்றன.

"உப்பில்லாத தண்ணி அதுக்குப் பயம்" என்றாள். "பயத்தில வாயை மூடிச்சுது. நான் அதைப் பார்த்து நல்ல மட்டி எண்டு சந்தோசப்பட்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணீர் விட, தலையில் அடித்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அதே நேரம் வாய்க்கால் பாலத்தில் ட்ரக்டர் ஏறுகிற சத்தம் கேட்டது.

கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு, கிணற்றை மூட வந்த ட்ரக்டர்.

அவள் ஓடிப்போய்க் கிணற்றுக்கும் ட்ரக்டருக்கும் நடுவில் நின்றாள். ஈரப் பாவாடை, மஞ்சள் பூசிய கால், கையில் இன்னும் ஒரு மட்டி. சாரதி பிரேக்கை மிதித்தான்.

"என்னக்கா? விலகுங்கோ."

"இதை மூட ஏலாது."

"மூடச் சொல்லி மனுக் குடுத்தது நீங்கள்தானே!"

"ஓம், நான்தான். மூட வேணாம் எண்டு சொல்லுறதும் நான்தான். அங்கால கொட்டுங்கோ."

"அங்கால கொட்டி என்ன செய்யிற?"

"அது எங்கட பாடு. கொட்டுங்கோ தம்பி."

அதற்குள் இராசையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோபத்தில் அவருக்குக் குரல் நடுங்கும்.

"என்ன விளையாட்டு இது, பிள்ளை? எங்கட பேத்தி விழப் பாத்த கிணறு. நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தா உன்ரை மட்டி வந்து தூக்குமோ?"

"தூக்காது, அம்மான். அதாலதான் மதில் கட்டப்போறன். ஆளுயரத்தில பாதி. மேலே வலை போட்டு மூடி. நுளம்புக்கு மீன் விடுவன். இது எல்லாம் செய்யாட்டி நீங்களே வந்து மூடுங்கோ, நான் மண்வெட்டி பிடிச்சுத் தாறன்."

"எப்ப கட்டுவாய்?"

"கல்லு வந்திட்டுதே. இண்டைக்கு."

இராசையா அவளையும் கல் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சொன்னது நியாயம். அவள் சொன்னதும் நியாயம். "பின்னேரம் வந்து பார்ப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார், கையில் தேசிக்காய்த் தண்ணீரோடு.

மதில் கட்டுவது பேச்சல்ல. பெண்கள் எல்லோருக்கும் கான் வெட்டத் தெரியும், கல் அடுக்கத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் கட்டிலில் கிடந்தார். இரத்தினேஸ்வரி என்னைப் பார்த்தாள். எனக்கு விருப்பமில்லை. வெளியே கொண்டுபோனால் புண் அழுந்தும். ஆனால் ஆள் தேவை என்பதும் தெரிந்தது. காற்று மெத்தையைக் கதிரையில் கட்டி, இடுப்பின் ஒரு பக்கம் காற்றில் நிற்கிற மாதிரித் தலையணை வைத்து, நிழலுக்குள் மட்டும், நான் சொன்னதும் திரும்ப உள்ளே என்ற ஒப்பந்தத்தில் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் இருத்தினோம்.

யோகராசாவின் வாய் அன்று முழு வேலை செய்தது.

"சுலோஜனா, அது கல்லோ, கொழுக்கட்டையோ? அப்பிடியோ வைக்கிறது? திருப்பு, திருப்பு. தட்டைப் பக்கம் கீழ."

"உங்கட வாய்க்குச் சீமெந்து பூசினா மதில் தானா நிமிந்து நிக்கும்."

"சீமெந்தை மிச்சம் பிடி. நூல் பிடிச்சியா? நூல் பிடிக்காமக் கட்டினா அது மதில் இல்லை, பாம்பு."

நான் அவரை உள்ளே கொண்டுபோகச் சொன்னபோது இன்னும் இரண்டு வரி கட்ட இருந்தது. அவர் எதிர்த்தார். நான் விடவில்லை. மிச்சத்தை அவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, வாசல் படலையடியில் நின்று கத்திக் கத்திக் கிணற்றடிக்குச் சொன்னவள் இரத்தினேஸ்வரி. வலையும் மீனும் மறுநாள் வந்தன. மதில் கொஞ்சம் கோணல்தான், ஆனால் இராசையா முழங்கையால் ஊன்றிப் பார்த்தார், அசையவில்லை.

இனி அஷ்ரப். அவர் வர மறுத்தார். போனிலேயே மறுத்தார். அவள் மூதூருக்குப் போய் மீன் சந்தையில் அவருடைய லொறிக்கு முன்னால் மட்டிப் பேசினையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் இறக்கினாள். சுலோஜனாவும் கூடப் போனதால் நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் போதும்.

"என்ன தங்கச்சி இது, சந்தைக்குள்ள கடை போடுறீங்களா?"

"நானா, ஒரு தட்டம் அவிக்கிறன். தின்னுங்கோ. மண் பட்டால் இந்தப் பேசினை என்ரை தலையில கவிட்டு விட்டிட்டுப் போங்கோ, இனி உங்கட பக்கம் வரமாட்டன்."

"எனக்கு இருக்கிறதே கொஞ்சப் பல்லு."

"அதில ஒண்டுக்கும் ஒண்டும் ஆகாது."

மீன் வெட்டுகிறவர்கள் கத்தியை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் கொதித்தது. மட்டி பட் பட்டென்று திறந்தது. அஷ்ரப் முதலாவதை வாயில் போட்டு, தாடையில் கையை வைத்துக்கொண்டு, பல் வைத்தியரிடம் இருப்பவர் போல மெதுவாக மென்றார். இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாக மென்றார். பிறகு பேசாமல் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானா, எங்களுக்கும் ஒண்டு" என்று யாரோ கேட்க, "போடா, இது செக்கிங்" என்றாராம்.

தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டார், என்ன பிழை நடந்தது என்று. அவள் மறைக்காமல் சொன்னாள். குழாய், பேசின், வாய் மூடின மட்டி எல்லாம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல தண்ணி குடுத்தும் வாய மூடிச்சா! அல்லாஹ்வே. சரி, ஒரு சாக்கு. ஒரே ஒரு சாக்குத்தான். குக்கு கத்தினானெண்டா நான் ஒங்கட வாய்க்கால் பாலத்தத் திரும்பிப் பாக்க மாட்டன்."

சமையற்காரர் கத்தவில்லை. ஆனால் ஹோட்டல் கிண்ணியாக்காரரை விடவும் இல்லை. வார இறுதியில் ஆட்கள் கூடுகிற நாட்களுக்கு மட்டும் இவளிடம் எடுப்பதாகச் சொன்னது. மற்ற நாட்களுக்கு அஷ்ரப் திருகோணமலை டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடை பிடித்துக் கொடுத்தார். முன்பு வந்ததைவிடக் குறைவு. மாரியில் என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. கண்டலுக்குள் நண்டுக்கூடு வைக்கலாமா என்று யோசிக்கிறாள். கதை இனிப்பாக முடிந்ததென்று நான் சொல்லவில்லை. யோகராசாவின் புண் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அதை மட்டும் என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

ஏஜென்சிக்காரர் கொடுத்த கடைசி நாளன்று நான் அங்கேதான் இருந்தேன். இரத்தினேஸ்வரி களப்புக்குள் குனிந்து நின்றாள், கரையிலிருந்து பார்த்தால் தலையும் தோளும்தான் தெரியும். போன் யோகராசாவின் தலைமாட்டில் அடித்தது. அவர் பொதுவாக அதைத் தொடமாட்டார், வெளியாரோடு பேசுவது அவருக்குக் கூச்சம். அன்று எடுத்தார்.

"ஓம், இரத்தினேஸ்வரியின்ரை வீடுதான். நான் அவவின்ரை மனுசன்... இல்லை, அவ இப்ப வர ஏலாது, தண்ணிக்குள்ள நிக்கிறா... இல்லை ஐயா, டிக்கெட் போட வேணாம். பாஸ்போட்டை வந்து எடுப்பம்... ஏனோ? எனக்காக இல்லை, நான் போகச் சொல்லித்தான் சொன்னனான். மட்டியளுக்கு அவ வேணுமாம்."

போனை வைத்துவிட்டு, "மிஸ்ஸி, மற்றப் பக்கம் புரட்டுங்கோ, நேரமாச்சு" என்றார்.